ஐந்து பெயர், நாலு ஆள்

அம்பிகைக்குக் கோபம் வந்தால் அவள் எழுதுவாள். அழத் தெரியாது, சண்டை பிடிக்கவும் அவ்வளவாக வராது. நெடுந்தீவில் பன்னிரண்டு வயதுப் பிள்ளையாக இருந்தபோதே, தகப்பன் இலட்சுமணனின் பசுவைப் பிடித்துக் கட்டிவைத்த ஊர் அதிகாரியான விதானையாருக்கு நாலு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதி, தண்டம் கட்டாமலே பசுவை அவிழ்த்துக்கொண்டு வந்தவள். கடிதத்தை வாசித்து முடிக்கப் பொறுமை இல்லாமல்தான் விதானையார் விட்டார் என்று சொல்பவர்களும் உண்டு. எப்படியோ, பசு வீட்டுக்கு வந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் ஆண்டில் அவளுக்கு முப்பத்து நாலு வயது. கலியாணம் செய்யவில்லை. மண்கும்பானில் ஆழ்வாப்பிள்ளை தன் தகப்பன் பெயரில் கட்டிய பெண்கள் ஆசிரியப் பயிற்சிப் பள்ளிக்கூடத்தில் பத்து வருடமாகத் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்தாள். தீவுப் பகுதியில் ஒரு பெண் எட்டாம் வகுப்புக்கு மேலே படித்துத் தன் சம்பளத்தில் சாப்பிட வேண்டுமென்றால் அந்த ஒரு வழிதான் இருந்தது. இரண்டு வருடப் படிப்பு, முடிவில் கவண்மேந்துச் சோதனை, எல்லாப் பாடமும் பாஸ் பண்ணினால் ஆசிரியப் பத்திரம். கட்டடம் ஆழ்வாப்பிள்ளையுடையது, ஆசிரியர் சம்பளம் கவண்மேந்துடையது. மனேச்சர் என்ற முறையில் ஆழ்வாப்பிள்ளை வருடா வருடம் இத்தனை ஆசிரியர், இன்னார் இன்ன பாடம் என்று ஒரு பட்டியல் எழுதி அரசாங்க அலுவலகமான கல்விக் கந்தோருக்கு அனுப்புவார். பட்டியலில் எத்தனை பெயரோ அத்தனை சம்பளம் வரும். அந்தப் பட்டியலை அவரும் அவருடைய கிளாக்கர் பரமலிங்கமும் தவிர வேறு ஒருவரும் கண்டதில்லை. காட்டுங்கள் என்று கேட்டவரும் இல்லை.

அந்த வருடம் ஆனி மாதத்தில் சோதனை மறுமொழி வந்தது. பதினெட்டுப் பெண்கள் எழுதியிருந்தார்கள். எல்லாரும் தமிழ் பாஸ், சமயம் பாஸ், தையலும் பாஸ். எண்கணிதத்தில் பதினாலு பேர் பெயில்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. அங்கே எண்கணிதம் படிப்பிக்க ஆளே கிடையாது. இருந்த நாலு ஆசிரியைகளில் யாருக்கு நேரம் கிடைக்கிறதோ அவர் போய்க் கரும்பலகையில் ஏதாவது போட்டுவிட்டு வருவார். அம்பிகையும் பல நாள் போயிருக்கிறாள். பின்னம் வரைக்கும் ஒருமாதிரி இழுத்துக்கொண்டு போய்விடுவாள். வட்டிக் கணக்கு என்று வந்தால் அவளுக்கே வியர்த்துவிடும். தோற்றவர்களில் ஒருத்தி வேலணை மீனலோசனி. மறுமொழிக் கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நேரே அம்பிகையிடம் வந்தாள்.

"ரீச்சர், படிப்பிச்சதிலை பிழை விட்டால் என்னை ஏசுங்கோ. படிப்பியாததை நான் எங்கை போய் எழுதுறது?"

அம்பிகைக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். அன்று பின்னேரமே கொழும்புக் கல்விக் கந்தோருக்கு எழுதினாள்: இங்கே எண்கணிதத்துக்கு ஆள் இல்லை, ஒருவரைத் தாருங்கள், தோற்றவர்களையும் சேர்த்து அடுத்த பங்குனிச் சோதனைக்கும் பதினெட்டுப் பெண்கள் இருக்கிறார்கள்.

ஆவணி முடிவில் பதில் வந்தது. இங்கிலீசில் வந்த அந்தக் கடிதத்தை அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு தரம் வாசித்தாள். உங்கள் பாடசாலைக்கு ஐந்து ஆசிரியர்களின் சம்பளம் மாதந் தவறாமல் கொடுக்கப்படுகிறது, ஐந்தாமவர் எண்கணிதத்துக்கென்றே நியமிக்கப்பட்டவர், ஆகவே இன்னொருவரை நியமிக்க வரவுசெலவில் இடமில்லை. அடியில் ஐந்து பெயர்களும் இருந்தன. நாலாவது பெயர் அம்பிகை. ஐந்தாவது பெயர் சறோஜினிதேவி அப்புத்துரை.

சறோஜினிதேவி வேறு யாருமில்லை, மனேச்சரின் தம்பி அப்புத்துரையின் மகள். யாழ்ப்பாணப் பட்டினத்தில் பயிற்சி முடித்து, எண்கணிதத்தில் திறமையாகப் பாஸ் பண்ணி வந்தவள். வந்த நாளிலிருந்து நாலு வருடமாக வீட்டோடு இருக்கிறாள். இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் மாத்திரம் பட்டுச் சேலை உடுத்து, பெரியப்பாவோடு வந்து கதிரையில் உட்கார்ந்து, ஒரு பாடம் நடத்திவிட்டுப் போவாள். சம்பளமில்லாமல் உதவிக்கு வருகிற பிள்ளை, வரவுப் பதிவேடான இடாப்பில் அவளுக்கும் கையெழுத்து விழுவது வெறும் ஒழுங்குக்குத்தான் என்று மற்ற நாலு பேருக்கும் சொல்லப்பட்டிருந்தது. அவள் ஒருநாளும் படிப்பிக்க வருவதில்லை என்பது ஊர் முழுக்கத் தெரியும். இன்ஸ்பெக்டர் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஊரில் பாதிப் பேர் குடியிருப்பது ஆழ்வாப்பிள்ளையின் காணியில். அப்படிப்பட்டவர்களுக்கு ஞாபகம் வேண்டிய நேரத்தில் மட்டும்தான் வேலை செய்யும்.

அம்பிகை ஐந்து பெயர்களையும், ஒவ்வொருவருக்கும் எதிரே அவரவர் பாடத்தையும் ஒரு தாளில் எழுதி மண்டபக் கதவில் ஒட்டினாள். வேறு ஒரு சொல் எழுதவில்லை. மத்தியானத்துக்குள் தாள் கிழிந்து போய்விட்டது. அடுத்த நாள் காலை அதையே மண்டபக் கரும்பலகையில் வெண்கட்டியால் எழுதினாள். பரமலிங்கம் ஈரத் துணியோடு ஓடிவந்து அழித்தான். மறுநாளும் எழுதினாள். மூன்றாம் நாள் மனேச்சர் கூப்பிட்டு அனுப்பினார்.

"அம்பிகை, நீர் ஆர் இதைக் கேக்க? இந்தப் பள்ளிக்கூடம் என்ரை அப்புவின்ரை பேரிலை நான் கட்டினது."

"கட்டடத்தை ஆர் கேட்டது ஐயா? சம்பளம் கவண்மேந்துக் காசு. அது ஆராருக்குப் போகுதெண்டு பலகையிலை போட்டால் என்ன?"

"போட்டால் என்ன கிடைக்கப் போகுது உமக்கு?"

"பதினெட்டுப் பிள்ளையளுக்கு எண்கணிதம் படிப்பிக்க ஒரு ஆள் கிடைக்கும்."

ஆழ்வாப்பிள்ளை கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. கோயில் திருவிழாவுக்கு அள்ளிக் கொடுப்பவர், பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றியவர். தம்பி மகளின் சம்பளத்தை அவளுடைய சீதனத்துக்கென்று சேர்த்துவைப்பதாகத்தான் அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டிருந்தார். தாம் கட்டிய பள்ளிக்கூடம், தம் வீட்டுப் பிள்ளை, இதில் பிழை என்ன என்பது அவருடைய நியாயம். அந்த நியாயத்தை ஒரு நெடுந்தீவு மாட்டுக்காரனின் மகள் கேள்வி கேட்பதைத்தான் அவரால் தாங்க ஏலவில்லை. அடுத்த நாளே நோட்டீசு வந்தது: டிசெம்பர் முப்பத்தொன்றோடு வேலை முடிவு.

இந்த இடத்தில் புத்தியுள்ளவர்கள் நிறுத்தியிருப்பார்கள். அம்பிகை வெண்கட்டிப் பெட்டி ஒன்று சொந்தக் காசில் வாங்கினாள். காலையில் அவள் எழுதுவாள், பரமலிங்கம் அழிப்பான். இரண்டாம் வருடப் பெண்கள் சற்று நேரத்தோடே வந்து, துணி வருவதற்கு முன் பட்டியலை வாசித்துவிட்டுப் போகத் தொடங்கினார்கள். தையல் ஆசிரியை பரிமளம் ஒருநாள் கிணற்றடியில் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்களாலை எங்கடை வயித்திலையும் அடி விழப் போகுது. விடுங்கோவன்."

"உன்ரை பேரும் அதிலை கிடக்குது, பரிமளம். நீ வாறாய், படிப்பிக்கிறாய். உனக்கென்ன பயம்?"

பரிமளத்துக்குப் பயம்தான். பயந்ததில் குற்றமும் இல்லை. அம்பிகைக்கும் இராத்திரியில் நெடுந்தீவில் தகப்பனுக்கு மாதாமாதம் அனுப்புகிற பத்து ரூபா நினைவுக்கு வரும். விடிந்ததும் வெண்கட்டி நினைவுக்கு வந்துவிடும்.

இப்படி இருக்கும்போது, செப்ரெம்பர் இருபத்தெட்டாம் திகதி, திங்கட்கிழமை விடியற்காலையில், அப்புத்துரை நெஞ்சு வலி என்று சாய்ந்தவர் எழும்பவில்லை.

பள்ளிக்கூடமே செத்தவீட்டுக்குப் போனது. அம்பிகையும் போனாள். போகாமல் இருக்க அவளுக்கு மனம் வரவில்லை. தகப்பனின் தலைமாட்டில் தலைவிரி கோலமாக இருந்த சறோஜினிதேவி, அம்பிகையைக் கண்டதும் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை விடவில்லை. அந்தப் பிள்ளையின் பெயரைப் பத்துப் பதினைந்து தரம் பலகையில் எழுதியிருக்கிறேனே என்று அம்பிகைக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவள் ஒரு பெயராகத்தான் இருந்தாள் இவ்வளவு நாளும். இப்போது சூடான கை ஒன்று.

மறுநாள் காலை அம்பிகை கையெழுத்து வைக்க வரவு இடாப்பைத் திறந்தாள். அவளுடைய பெயருக்குக் கீழே, சறோஜினிதேவியின் கட்டத்தில், அன்றைக்கும் கையெழுத்து இருந்தது. முதல் நாள், தகப்பன் செத்த நாள், அதற்கும் இருந்தது.

பரமலிங்கம் சொன்னதைச் செய்கிற ஆள். தினமும் காலையில் முதல் வேலையாகச் சறோஜினிதேவியின் கையெழுத்தை வை என்று மனேச்சர் நாலு வருடத்துக்கு முன் சொன்னார், வைத்தான். நிறுத்து என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய மனேச்சர் செத்தவீட்டில் இருந்தார். தீவுப் பகுதியில் சாவு நடந்த வீட்டாருக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டி முடியும்வரை கோயில் வாசலை மிதிக்கமாட்டார்கள், சுவாமி படம் வைத்த இடத்துக்குள் வரமாட்டார்கள். அந்தப் பள்ளிக்கூடமோ காலையில் சரசுவதி படத்துக்கு முன் தேவாரம் பாடித் தொடங்குகிற பள்ளிக்கூடம். அந்த முப்பத்தொரு நாளுக்குள்தான் அந்த வருட நவராத்திரியும் வந்தது. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று கையெழுத்து. நவராத்திரி தொடங்கிய நாள் கையெழுத்து. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட மண்டபத்திலேயே நடந்த சரசுவதி பூசையன்றும், நல்ல கறுப்பு மையில், குறையில்லாத கையெழுத்து.

அம்பிகை ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. ஒவ்வொரு நாளும் தன் கையெழுத்தை வைத்துவிட்டு, கீழே பார்த்துவிட்டுப் போனாள். உள்ளே ஒரு முள் குத்திக்கொண்டே இருந்தது. ஒரு பிள்ளையின் தகப்பன் செத்ததை எடுத்து ஆயுதமாக்குவதா? மீனலோசனி மறுபடி எழுதப்போகும் பங்குனிச் சோதனையையும் நினைத்தாள். இரண்டையும் நிறுத்துப் பார்த்தும் முள் போகவில்லை. முள்ளோடேயே தீர்மானித்தாள்.

நவம்பர் நடுவில் இன்ஸ்பெக்டர் வந்தார். ஊர்காவற்றுறையில் இறங்கி, ஆழ்வாப்பிள்ளை அனுப்பிய காரில் வந்து சேர்ந்தார். இன்ஸ்பெக்டர் வருகிற நாள் அங்கே அரைத் திருவிழா. வாழை கட்டுவார்கள், இளநீர் வெட்டுவார்கள், பெண்களின் தாய் தகப்பன்மார் மண்டபத்தில் நிறைந்திருப்பார்கள். கோயில் குருக்கள் முன் வரிசையில். மனேச்சருக்குப் பக்கத்துக் கதிரையில், இந்த முறை வெள்ளைச் சேலையில், தலையைக் குனிந்தபடி சறோஜினிதேவி. அம்பிகை காலையில் வழக்கம்போல எழுதிய பட்டியலை, இன்ஸ்பெக்டர் வருகிற அவசரத்தில் பரமலிங்கம் அழிக்க மறந்திருந்தான்.

"இதென்ன?" என்றார் இன்ஸ்பெக்டர், பலகையைக் காட்டி.

"ஒரு ரீச்சருக்குக் கொஞ்ச நாளாய் மனம் சரியில்லை ஐயா. அவவுக்கு நோட்டீசு குடுத்திட்டம்," என்றார் மனேச்சர்.

"இந்த ஐஞ்சு பேரும் ஒழுங்கா வாறவையோ?"

"இடாப்பைப் பாருங்கோவன் ஐயா. பொய் சொல்லுமோ அது?"

பரமலிங்கம் அலுமாரியைத் திறந்து இடாப்பைக் கொண்டுவந்து வைத்தான். இன்ஸ்பெக்டர் புரட்டினார். வெளியூர் மனிதர், அந்த ஊர்ச் சாவு ஒன்றும் அவருக்குத் தெரியாது. புரட்டப் புரட்ட முகம் மலர்ந்தது.

"மற்ற நாலு பேரும் காய்ச்சல், கலியாணம், வத்தைத் தோணி வரேல்லை எண்டு லீவு எடுத்திருக்கினம். இந்தச் சறோஜினிதேவி இந்த வருசம் ஒரு நாள் தானும் லீவு எடுக்கேல்லை. எல்லாரும் இவவைப் பாத்துப் படிக்கவேணும்."

சபையில் இரண்டு பேர் கை தட்டினார்கள். அம்பிகை எழுந்து நின்றாள்.

"ஐயா, ஒரு உதவி. செப்ரெம்பர் இருபத்தெட்டு தொடக்கம் ஒக்டோபர் இருபத்தெட்டு மட்டும், இவவின்ரை வரவை எல்லாருக்கும் கேக்க வாசியுங்கோ."

"இரும் அம்பிகை!" என்றார் மனேச்சர். இன்ஸ்பெக்டர் ஏற்கெனவே வாசிக்கத் தொடங்கிவிட்டார். இருபத்தெட்டு, வரவு. இருபத்தொன்பது, வரவு. முப்பது, வரவு. நாலாவது நாளில் முன் வரிசைக்கு விளங்கியது. எட்டாவது நாளில் கடைசி வரிசைக்கும் விளங்கி, பெண்கள் வாயைப் பொத்தினார்கள். இன்ஸ்பெக்டர் மட்டும் ஒன்றும் விளங்காமல், இன்னும் பெருமையோடு வாசித்துக்கொண்டிருந்தார்.

"ஒக்டோபர் இருபத்து மூண்டு, சரசுவதி பூசை. வரவு."

குருக்களால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. துள்ளி எழும்பினார். "என்ன கதை இது? பூசை செய்தது நான்! துடக்குக்காரரை உள்ளுக்கு விட்டுப்போட்டு நான் தீபம் காட்டினனானோ? தகப்பன் செத்து ஒரு மாதம் ஆகேல்லை அண்டைக்கு! அந்தப் பிள்ளை இந்தப் பக்கம் வரவே இல்லை, இது சத்தியம்!"

இவ்வளவு காலமும் "ஓம், வாறவ" என்று சொன்ன ஊர் அது. மனேச்சரின் காணியில் இருந்துகொண்டு அவர் பிள்ளை பள்ளிக்கூடம் வரவில்லை என்று சொல்ல ஒருவருக்கும் நாக்கு எழும்பியதில்லை. ஆனால் அந்தப் பெரிய வீட்டுப் பிள்ளை துடக்கோடு பூசை மண்டபத்தில் நின்றாள் என்று சொல்ல அதைவிடவும் எழும்பாது. "வரேல்லை, வரேல்லை" என்று நாலு பக்கமும் சத்தம் கிளம்பியது. மனேச்சரின் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அவரை நட்டாற்றில் இறக்கினார்கள்.

ஆழ்வாப்பிள்ளை இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டார். வந்தாள் என்றால் குடும்பத்துக்குக் கேடு; வரவில்லை என்றால் இடாப்பு பொய். சறோஜினிதேவிதான் தலையை நிமிர்த்தினாள். அவள் பார்த்தது பெரியப்பாவை.

"அப்பா செத்த அண்டைக்கும் என்ரை பேரிலை கையெழுத்து வைச்சவையோ?"

ஆழ்வாப்பிள்ளை பரமலிங்கத்தைப் பார்த்தார்.

"நான் வரேல்லை ஐயா," என்றாள் இன்ஸ்பெக்டரிடம். "அண்டைக்கும் வரேல்லை. நாலு வருசத்திலை நீங்கள் வந்த நாள் தவிர வேறை ஒரு நாளும் வரேல்லை. என்னை ஒருதரும் வரச் சொல்லேல்லை."

இன்ஸ்பெக்டரின் முகத்தில் இருந்த மலர்ச்சி எங்கேயோ போய்விட்டது. ஏமாந்தவனுக்கு வருகிற கோபம் பெரிய கோபம். பேனாவைத் திறந்தார். "அப்ப ஐஞ்சாவது இடமே வேண்டாம். நாலு பேரோடை பள்ளிக்கூடம் நடக்குதுதானே? அந்தச் சம்பளத்தை இண்டையோடை வெட்டிவிடுறன்."

வேலையைக் கொடுத்து, ஒரு பிள்ளையின் துக்கத்தைக் கொடுத்து வாங்கியது இதுதானா? அம்பிகை மேசைக்குக் கிட்டப் போய், இடாப்பின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள். எழுதப்போன பேனா நின்றது.

"ஐயா, பிழையான ஆளை வெட்டுங்கோ. இடத்தை வெட்டாதையுங்கோ. நாலு பேரோடை நடந்தபடியாலைதான் பதினாலு பிள்ளையள் பெயில். அந்த இடம் மனேச்சற்றையும் இல்லை, உங்கடையும் இல்லை. அங்கை நிக்கிற பதினெட்டுப் பேரின்ரை."

"கையை எடும்."

"எடுக்க ஏலாது. வெட்டமாட்டன் எண்டு சொல்லுங்கோ, எடுக்கிறன்."

அந்த மண்டபத்தில் அதற்கு முன் ஒரு பெண் இன்ஸ்பெக்டரிடம் அப்படிப் பேசியதில்லை. பின்னாலிருந்து இரண்டாம் வருடப் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து நிற்கத் தொடங்கினார்கள். முதலில் எழும்பியவள் மீனலோசனி. அப்போது சறோஜினிதேவி கதிரையை விட்டு எழும்பி மேசைக்கு மற்றப் பக்கம் வந்தாள்.

"இடத்தை வெட்ட வேண்டாம். நான் படிப்பிக்கிறன். படிச்சனான்தானே?"

"பிள்ளை!" என்றார் ஆழ்வாப்பிள்ளை.

"பெரியப்பா, இவ்வளவு நாளும் நான் இஞ்சை வந்ததாய்த்தானே நீங்கள் எழுதினியள்? இனி வாறன்."

இன்ஸ்பெக்டர் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பேனாவை மூடினார். பங்குனிச் சோதனை மட்டும் இடம் இருக்கட்டும், மறுமொழியைப் பார்த்துத் தீர்மானிப்போம், ஆசிரியர் பட்டியல் இனி மண்டபத்தில் நிரந்தரமாகத் தொங்கவேண்டும் என்று எழுதிக் கையொப்பம் வைத்துவிட்டு, இளநீரைத் தொடாமல் போனார்.

அடுத்த திங்கட்கிழமை காலை சறோஜினிதேவி நடந்து வந்தாள். அம்பிகைக்கு அவளிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் போலிருந்தது. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

"தங்கச்சி, உம்மடை அப்பாவின்ரை சாவை நான் சபையிலை இழுத்திருக்கப்படாது."

"இழுத்தது நீங்கள் இல்லை அக்கா. அண்டைக்கு எனக்குக் கையெழுத்து வைச்சவை." வகுப்பு வாசலைப் பார்த்து, "கணக்கு எதிலை நிக்குது?" என்று கேட்டாள்.

"பின்னத்திலை."

"ஐயோ, கனக்கக் கிடக்குதே!" என்று சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு வகுப்புக்குள் போனாள்.

கல்விக் கந்தோர் ஆழ்வாப்பிள்ளையைக் கண்டித்து ஒரு கடிதம் எழுதியது. அவ்வளவுதான் அவருக்கு நடந்தது. அம்பிகையின் நோட்டீசு அப்படியே இருந்தது. டிசெம்பர் நடுவில் மனேச்சர் அவளைக் கூப்பிட்டு, எல்லாம் கிளாக்கர் அறியாமல் விட்ட பிழை என்று ஒரு வரி எழுதித் தந்தால் நோட்டீசைக் கிழித்துவிடுகிறேன் என்றார். கடதாசியும் பேனாவும் அவரே எடுத்து வைத்தார். அம்பிகை பேனாவை எடுக்கவில்லை.

"எழுதுறது எனக்குப் பஞ்சியில்லை, அலுப்பில்லை ஐயா. பொய் எழுதிப் பழக்கமில்லை."

முப்பத்தோராம் திகதி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வத்தையேறினாள். ஆறு மாதம் நெடுந்தீவில் தகப்பனின் மாடுகளோடு நின்றாள். ஆனி மாதம் மீனலோசனியின் கடிதம் வந்தது. எண்கணிதத்தில் பதினெட்டில் பதினாறு பாஸ். ஐந்தாவது இடம் நிரந்தரமாகிவிட்டது. சறோஜினி ரீச்சர் வீட்டுக் கணக்குக் கொடுத்துக் கொல்கிறாராம். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, அடுத்த நாள் அம்பிகை வேலை தேடி ஊர்காவற்றுறைக்குப் போனாள்.

முதலில் போன பள்ளிக்கூடத்து மனேச்சர் அவளுடைய பத்திரங்களை நன்றாகப் பார்த்தார். பத்து வருட அனுபவம், நல்ல தமிழ். அவருக்கு ஆள் அவசரமாக வேண்டியிருந்தது. அவளுக்கு வேலை அதைவிட அவசரமாக வேண்டியிருந்தது. பெயரை வாசித்ததும் அவர் நிமிர்ந்தார்.

"நீர்தானே மண்கும்பானிலை இடாப்பை வாசிக்கப் பண்ணின ஆள்?"

"ஓம், நான்தான். உங்கடை பள்ளிக்கூடத்து ஆசிரியர் பட்டியல் எங்கை தொங்குது?"

இங்கே வேலை இல்லை என்றார் மனேச்சர். அம்பிகை பத்திரங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு அடுத்த பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். அங்கேயும் அதையேதான் கேட்டாள்.